புரொபசர் வீட்டு நாற்றம்

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் சோபாக்காரர் வீட்டில் ஒரு நாற்றம் கிளம்பியது.

செத்த எலி என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் எலி நாற்றம் ஒரே இடத்தில் நிற்கும். மோப்பம் பிடித்துப் போனால் மூலையில் ஆள் அகப்பட்டுவிடும். இது அப்படியில்லை. ஒரு நேரம் தையல் மெஷின் பக்கத்தில், ஒரு நேரம் சமையல் மேடையோரம், ஒரு நேரம் படுக்கையில் என்று வீடு முழுக்க நடமாடியது. ஈரத்துணியை வாளியில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அதில் சீழ் கலந்த மாதிரி ஒரு வாடை. சோற்றில் கை வைக்கும் நேரத்தில் வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

வீடு என்றால் வீடு மட்டுமில்லை, முன்னறைதான் பட்டறை. தெருப்பக்கம் இரும்பு ஷட்டர். பழைய சோபாக்களைப் பிரித்து, சட்டம் உடைந்திருந்தால் ஒட்டி, புது ஃபோம் வைத்து, ரெக்சினோ துணியோ போர்த்திக் கொடுப்பது அவர் வேலை. உறை வெட்டித் தைப்பது அவர் மனைவி. தெருவில் எல்லோருக்கும் அவள் தையலக்கா. முன்னறைக்குப் பின்னால் ஒரே ஓர் அறை. அதன் ஒரு மூலையில் சமையல், ஒரு மூலையில் துணிமணி, நடுவில் படுக்கை.

பழைய சோபாவைப் பிரிப்பது பெருத்த மாட்டின் வயிற்றைத் திறப்பது போல. என்ன வரும் என்று சொல்ல முடியாது. தலைமுடிப் பந்து, வெட்டிப்போட்ட நகம், பாதி கடித்த பிஸ்கட், கரப்பான் கூடு, காய்ந்துபோன ஆரஞ்சுச் சுளை. ஒருதடவை யாருடையதோ பல் செட்டே வந்தது. "மேல உக்காந்துக்கிட்டு ஊர் நியாயம் பேசுறானுங்க. அடியில பாத்தா குப்பைமேடு" என்று சோபாக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டே உள்ளே கையை விடுவார். அதனால் வீட்டில் நாற்றம் என்றால் அவர் சந்தேகம் நேராகச் சோபாக்கள் மேல்தான் போகும். அதில் தப்பில்லை.

அவர்களுக்கு ஒரே பையன். மூன்றரை வயது. கல்யாணமாகி ரொம்ப காலம் கழித்துப் பிறந்தவன். கத்தியும் கத்தரிக்கோலும் பின் அடிக்கிற ஸ்டேப்ளர் கன்னும் கிடக்கிற தரையில் தவழ்ந்து, அங்கேயே நடக்கப் பழகினான். ஒருநாள் அவன் வாயைக் குதப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்துத் தையலக்கா விரலை விட்டுத் தோண்டினாள். வந்தது ஒரு பின். உதட்டோரம் ரத்தம். அன்றைக்கு அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

அதற்கு மறுநாள்தான் சோபாக்காரரின் தம்பி ஒரு பழைய போனைக் கொண்டுவந்து கொடுத்தான். செல்போன் கடையில் வேலை பார்க்கிறவன். அண்ணி மேல் பாசமும் மரியாதையும் உள்ளவன். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"அண்ணி, இனிமே இவன் இடத்தை விட்டு நகரமாட்டான். கேரண்டி."

"பொம்மைப் படமா? வேண்டாம் தம்பி. கண்ணு கெட்டுப் போயிரும்."

"பொம்மைப் படம் இல்ல அண்ணி, படிப்பு. டைனோசர் பேரு, எண்ணு, எழுத்து, நிறம் எல்லாம் சொல்லித் தரும். குழந்தைகளுக்குன்னே செஞ்ச ஆப்பு."

"ஆப்பு வைக்கத்தான் உங்கண்ணன் இருக்காரே, சட்டத்துல. இன்னொரு ஆப்பு எதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். சோபாக்காரர் வாயில் பின்னை வைத்துக்கொண்டிருந்ததால் மூக்கால் சிரித்தார்.

தம்பி சொன்னது பலித்தது. வெட்டிப்போட்ட ஃபோம் துண்டுகளைக் குவித்து மூலையில் ஒரு மெத்தை மாதிரி போட்டுக் கொடுத்தார்கள். பையன் அதில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி. போனுக்குள் ஒரு பெண் குரல் இருந்தது. தேன் தடவிய குரல். "அருமை! நீ ஒரு சிறந்த ஆய்வாளர்!" என்று சொல்லும். தொட்டது சரியாக இருந்தாலும் சொல்லும், நாலு தடவை தப்பாகத் தொட்டு ஐந்தாவது தடவை சரியானாலும் சொல்லும். சொன்னதும் நட்சத்திரமாகக் கொட்டும். தையல் மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் நாளெல்லாம் அந்த 'அருமை' கேட்டுக்கொண்டே இருக்கும். தையலக்காளுக்கு முதலில் அது பிடித்திருந்தது. வீட்டில் இன்னொரு பொம்பளை இருந்து பிள்ளையைக் கொஞ்சுகிற மாதிரி இருந்தது.

கொஞ்ச நாளில் பையன் வாய் திறந்தான். அம்மா என்றோ தண்ணி என்றோ இல்லை. "ஸ்டெகோசாரஸ்" என்றான். சுத்தமாக, எழுத்து எழுத்தாக. அப்புறம் டிரைசெராடாப்ஸ். அப்புறம் பாக்கிசெஃபலோசாரஸ். சித்தப்பன் அவனைத் தூக்கித் தலைக்கு மேல் சுற்றினான். "அண்ணே, இவன் புரொபசர்! புரொபசர்!" அன்றையிலிருந்து பையனுக்கு வீட்டில் வைத்த பேர் போய்விட்டது. அம்மாவும் அப்பாவும்கூடப் புரொபசர் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

சோபா கொடுக்க வருகிறவர்கள், வாங்க வருகிறவர்கள், வாடகை வண்டிக்காரர், எல்லோர் முன்னாலும் புரொபசருக்குக் கச்சேரிதான். படத்தைக் காட்டினால் போதும், பேர் வந்து விழும். வண்டிக்காரர் ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு, "எம்புள்ளைக்குப் பத்து வயசு. இன்னும் பஸ் நம்பர்கூடத் தப்பாத்தான் சொல்லுது" என்றார். சோபாக்காரருக்கு அன்றைக்கு ரெண்டு டீ கூடுதலாக இறங்கியது.

தையலக்காளுக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சின்ன அரிப்பு. தாகம் எடுத்தால் பையன் டம்ளரை இழுத்துக்கொண்டு வந்து அவள் மடியில் போடுவான். ஒன்றுக்கு வந்தால் விறைத்துக்கொண்டு நிற்பான். விழுந்தால் அழுவான், எங்கே அடிபட்டது என்று இவர்கள்தான் தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும்.

"ஏங்க, இவன் பேசவே மாட்டேங்குறானே" என்பாள்.

"பேசாம? பாக்கிசெஃபலோசாரஸ்ங்கறான். எங்க, நீ ஒருதடவை சொல்லு பாப்போம்."

அவள் முயற்சி பண்ணிப் பார்ப்பாள். 'பாக்கி' என்கிற இடத்திலேயே சிரிப்பு வந்துவிடும். அத்தோடு பேச்சு அடங்கிவிடும்.

ஒரு வார்த்தை மட்டும் டைனோசர் பேர் இல்லாமல் சொன்னான். சோபாக்காரர் சொல்யூஷன் டின்னைத் திறக்கும்போதெல்லாம் "எமலை! எமலை!" என்று கத்துவான். சொல்யூஷன் என்பது ஃபோமைக் கட்டையோடு ஒட்டுகிற பசை. திறந்தாலே கண்ணில் நீர் வரும், தொண்டை கமறும். எமலை என்றால் எரிமலை என்று சித்தப்பன்தான் விளக்கினான். "டின்னைப் பாத்தா எரிமலை மாதிரி இருக்காம் அண்ணி அவனுக்கு. என்ன கற்பனை பாருங்க!" எல்லோரும் கைதட்டினார்கள். பையன் சிரிக்கவில்லை. மறுபடி "எமலை" என்றான். மறுபடி கைதட்டினார்கள்.

அப்புறம் மழை பிடித்தது. விடாத மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். சாரல் அடித்து ரெக்சின் நனைந்துவிடும் என்று ஷட்டரை இடுப்பளவுக்கு இறக்கிவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். ஈரக்காற்றில் சொல்யூஷன் காயவில்லை. ஒருதடவை பூசுகிற இடத்தில் ரெண்டு தடவை பூச வேண்டியிருந்தது. வாடை போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. பையனுக்குச் சளி பிடித்து மூக்கு ஒழுகியது. மருந்துக்கடையில் கேட்டுச் சிவப்பு மருந்து வாங்கி ஊற்றினாள். "மழைக்காலம், எல்லா வீட்டுலயும் இருக்கு" என்றார் கடைக்காரர்.

நாற்றம் வந்தது அதற்கப்புறம்.

"குளியலறைக் குழாய் அடைச்சிருக்கும்" என்றாள் தையலக்கா. சோபாக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டுக் குழியில் கையை விட்டு முடியும் சேறுமாக அள்ளினார். குழாய் சரியானது, நாற்றம் போகவில்லை.

"உன் சமையல் மூலையில எதையோ அழுகவிட்டிருக்கே" என்றார் அவர். அவள் உருளைக்கிழங்குக் கூடையைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அழுகினது ஒன்றுகூட இல்லை. "என் மூலையில ஒண்ணும் இல்ல. ஊரான் வீட்டு அழுக்கையெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டுவந்து குவிச்சு வச்சிருக்கறது யாரு?"

"அந்த அழுக்குதான் சோறு போடுது."

"போடட்டும். அந்தச் சோத்தை மூக்கைப் புடிச்சிக்கிட்டுத் தின்னணுமா?"

அப்போது பட்டறையில் கிடந்தது ஒரு பெரிய சிவப்புச் சோபா. ரெண்டு தெரு தள்ளிக் குழந்தைகள் பள்ளிக்கூடம் நடத்துகிற மேடத்தினுடையது. பெற்றோர்கள் வந்தால் உட்கார்கிற சோபா. இருக்கையை மட்டும் மாற்றச் சொல்லியிருந்தார்; முதுகுப்பக்கம் நன்றாகத்தான் இருந்தது. சோபாக்காரர் அதன் மேல் குனிந்து முகர்ந்தார். அந்த நேரம் பையன் அதன் கைப்பிடியில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதான். இதுக்குள்ளதான் செத்துக் கிடக்கு."

"மேடத்தைக் கேக்காம பிரிக்காதீங்க."

"கேட்டுட்டு இருந்தா நாம செத்துருவோம்."

முதுகைக் கிழித்தார். பின்பக்கத் துணியை உரித்தார். கோணியை அறுத்துச் சுருள் கம்பிகளுக்குள் கையை விட்டுத் துழாவினார். நாலு கிரேயான் துண்டும், ஒரு குழந்தை சாக்ஸும், காய்ந்துபோன சப்பாத்தித் துணுக்கும் வந்தன. எலி இல்லை. பையன் எழுந்து உள்ளறைக்குப் போனான். கொஞ்ச நேரத்தில், "ஏங்க, இப்ப இங்க அடிக்குது" என்று உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. சோபாக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டு, கிழிந்த சோபாவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

வெளியாள் வந்தால் முகத்தில் தெரிந்துவிடும். வண்டிக்காரர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று பேசினார். துணிக்கடைப் பையன் சாம்பிள் புத்தகத்தை ஷட்டருக்குக் கீழே நீட்டிவிட்டுப் போனான். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் ச்சீ, தூ என்று சொல்லிக்கொண்டு நாளை ஓட்டினார்கள். ஆனால் பெரும்பாலான நேரம் அவர்களுக்கே நாற்றம் தெரியவில்லை. வருடக்கணக்காகச் சொல்யூஷன் டின்னுக்குப் பக்கத்தில் இருந்த மூக்கு. கடுமையாக அடித்தால்தான் உறைக்கும்.

மழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில் மேடம் வந்தார். சோபாவைப் பார்க்க மட்டும் இல்லை. முன்பு ஒருதடவை ரெக்சின் நிறம் பார்க்க வந்தபோது புரொபசர் கச்சேரியைக் கேட்டு, "ஜீனியஸ்! ஜீனியஸ்!" என்று வாய் பிளந்தவர். பள்ளிக்கூட விளம்பரத்துக்கு அவன் பேசுவதைப் படம் பிடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். சேர்த்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். தையலக்கா அவசர அவசரமாகப் பையனுக்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டினாள். சோபாக்காரர் கிழிந்த முதுகு சுவர்ப்பக்கம் இருக்கும்படி சோபாவைத் திருப்பி வைத்தார்.

மேடம் ஷட்டருக்குள் குனிந்து வந்ததும் கைக்குட்டையை எடுத்தார்.

"என்ன இது, இப்படி ஒரு வாடை?"

"மழை மேடம்" என்றார் சோபாக்காரர். "சாக்கடை எதிர்த்து அடிக்குது."

மேடம் சோபாவில் உட்கார்ந்து பையனை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் டைனோசர் படத்தைக் காட்டினார். இன்னொரு கையில் படம் பிடிக்கத் தன் போனை நீட்டிப் பிடித்தார். "சொல்லு ராஜா. இது என்ன? நல்லா என்னைப் பாத்துச் சொல்லு."

பையன் அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி, மூச்சை இழுத்து, "ஸ்டெகோசாரஸ்" என்றான்.

"ச்சீ!"

மேடம் அவனைத் தள்ளிய வேகத்தில் அவன் ஃபோம் குவியலில் போய் விழுந்தான். போன் கீழே விழுந்தது. மேடம் எழுந்து ஷட்டர் பக்கம் போய் நின்றுகொண்டு கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துத் துடைத்து எடுத்தார். எழுந்த வேகத்தில் சோபாவும் நகர்ந்துவிட்டது. பிரித்துப்போட்ட முதுகு பல்லிளித்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. வாடை சாக்கடையில இருந்து வரலை. குழந்தைகிட்ட இருந்து வருது. பல்லு தேச்சு விடுறதில்லையா? குளிப்பாட்டுறீங்களா இல்லையா?" அப்புறம் சோபாவைப் பார்த்தார். "ஐயோ, இதை ஏன் இப்படிக் கிழிச்சு வச்சிருக்கீங்க?"

சோபாக்காரர் என்னவோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். தையலக்காளுக்கு எதுவும் காதில் விழவில்லை. அவள் ஃபோம் குவியலில் மண்டியிட்டு, பையன் முகத்தை ரெண்டு கையாலும் பிடித்துத் தன் முகத்துக்கு அருகில் கொண்டுவந்தாள்.

இடது மூக்கு. ஒரே ஒரு துவாரம். பச்சையும் மஞ்சளுமாகப் பொருக்கு கட்டி, நடுவில் ரத்தக் கோடு. நாற்றம் அங்கேயிருந்து நேராக வந்து அவள் தொண்டையில் அடித்தது. அவள் முகத்தைத் திருப்பவில்லை.

தினமும் அந்த மூக்கைத் துடைத்தவள் அவள்தான். ஆனால் எப்படித் துடைத்தாள்? அவன் போன் பார்த்துக்கொண்டிருப்பான். பின்னாலிருந்து கையை விட்டு ஒரு துடை. சோறு ஊட்டியதும் அப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்து உருண்டையை நீட்டினால் வாய் தானாகத் திறக்கும். தூங்க வைப்பதும் அந்தத் தேன் குரல்தான். பிள்ளை முகத்தோடு முகம் வைத்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. தன் மேலேயே அவளுக்கு ஓர் அருவருப்பு வந்தது. மூக்கில் ஏறிய நாற்றத்தைவிட அது கனமாக இருந்தது.

"கிளம்புங்க" என்றாள் புருஷனிடம். "ஆஸ்பத்திரிக்கு."

"மேடம் நிக்கிறாங்க..."

"நிக்கட்டும்."

பெரிய ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைக்கு நீளமான பெஞ்சு. நனைந்த குடைகளிலிருந்து தண்ணீர் வழிந்து தரையெல்லாம் சேறு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கடைசியில் எழுந்தே போய்விட்டார். டாக்டர் சின்ன வயதுப் பெண். நெற்றியில் விளக்கு. உள்ளே நுழைந்ததுமே முகத்தைச் சுளித்தார். பிறகு பையனைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒரு பக்க மூக்கு மட்டும் நாறுதா? அப்ப உள்ள எதையோ வச்சிருக்கான். வாரத்துக்கு ரெண்டு வரும். பாசிமணி, பட்டாணி, அழிரப்பர். பட்டன் பேட்டரின்னா மூக்கையே அரிச்சிரும். இவன் என்ன வச்சிருக்கான்னு பாப்போம்."

நர்ஸம்மா ஒரு போர்வையில் பையனைக் கையோடு காலோடு சுருட்டி, தையலக்கா மடியில் வைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டார். அவன் திமிறிக் கத்தினான். "போன் இருந்தா எடுத்துக் காட்டுங்க சார், அசையாம இருப்பான்" என்றார் நர்ஸம்மா.

சோபாக்காரர் பாக்கெட்டிலிருந்து எடுத்து அவன் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். கத்தல் வெட்டினாற்போல் நின்றது. கண் திரையில் நிலைத்துவிட்டது. இடுக்கி மூக்குக்குள் போனது; அவன் உடம்பு மட்டும் ஒருதடவை உதறியது, கண் நகரவில்லை. தையலக்கா அந்தக் கண்களைப் பார்த்தாள். வலிக்கிறபோதுகூட அவள் பக்கம் திரும்பாத கண்கள்.

டாக்டர் மெதுவாக இழுத்தார். ஏதோ நூல் போல, கோழை போல, அப்புறம் கறுப்பாக ஒரு கட்டி. மூக்குக்குள்ளிருந்து அவ்வளவு பெரியது வரும் என்று யாரும் நினைக்கவில்லை. தட்டில் விழுந்ததும் அறை முழுக்க நாறியது. கதவோரம் நின்ற ஆள் வெளியே ஓடினார்.

"அருமை! நீ ஒரு சிறந்த ஆய்வாளர்!" என்றது போன்.

"அதை நிறுத்துங்க" என்றாள் தையலக்கா. பையனை நர்ஸம்மா கையில் கொடுத்துவிட்டு, கை கழுவும் தொட்டிக்கு ஓடி வாந்தி எடுத்தாள். காலையில் எதுவும் சாப்பிடாததால் வெறும் தண்ணீர்தான் வந்தது.

டாக்டர் அந்தக் கட்டியைக் குழாயில் காட்டிப் பிதுக்கினார். கறுப்பு போய் மஞ்சள் தெரிந்தது. சின்னச் சின்ன ஓட்டைகள். சோபாக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் தினமும் கத்தியால் அறுக்கிற சாமான்.

"ஃபோம்" என்றார்.

"ரெண்டு மூணு வாரமாவது உள்ள இருந்திருக்கும்." டாக்டர் பையன் பக்கம் குனிந்தார். "ஏன்டா கண்ணா இதை உள்ள வச்சுக்கிட்டே?"

"டிப்ளோடோகஸ்."

டாக்டர் சிரித்தார். "சரி, உன் பேர் என்ன?"

பையன் யோசித்துப் பார்த்தான். "டிரைசெராடாப்ஸ்."

இந்தத் தடவை டாக்டர் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே தையலக்காளைப் பார்த்தார். "இத்தனை நாள் வலிச்சிருக்குமே. வலிக்குதுன்னு உங்ககிட்டச் சொல்லலையா?"

"அவனுக்கு அந்த வார்த்தை தெரியாதும்மா" என்றாள்.

மாடியில் பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பிரிவு இருந்தது. அதற்கும் அனுப்பினார்கள். அங்கே பயிற்சி கொடுக்கிற அம்மாள் ரொம்ப நேரம் அவனோடு தரையில் உட்கார்ந்து விளையாடிப் பார்த்துவிட்டு, காது நன்றாகக் கேட்கிறது, தொடர்ந்து கூட்டிக்கொண்டு வாருங்கள், வீட்டில் முகம் பார்த்துப் பேசுங்கள், போனைத் தூக்கி உள்ளே வையுங்கள் என்றார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் பையன் போனுக்கு அழுதான். மூக்கில் மருந்து வைத்த பஞ்சு. அழுதால் ரத்தம் கசிந்தது. வீட்டுக்கு வந்ததும் சோபாக்காரர் தாங்கமாட்டாமல், "இன்னைக்கு ஒருநாள் குடுத்துருவோம்" என்று நீட்டிவிட்டார். தையலக்கா ஃபோம் குவியலில் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, முதல் தடவையாக அவன் என்ன பார்க்கிறான் என்று பார்த்தாள்.

ஒரு குட்டி டைனோசர் நடந்து போகிறது. இலையைத் தின்கிறது, ஏப்பம் விடுகிறது, சாணி போடுகிறது. சாணிக்குள்ளிருந்து எழுத்தைப் பொறுக்கச் சொல்கிறது. அருமை. நடுவில் யாரோ ஒரு பெண் பச்சைக் கூழைப் பிசைந்து காட்டி எதையோ விற்கிறாள். மறுபடி டைனோசர். மறுபடி சாணி.

சோபாக்காரர் அந்தப் பக்கம் மேடத்தின் சோபாவைத் தைத்து மூடுகிற வேலையில் இறங்கியிருந்தார். சொல்யூஷன் டின்னின் மூடியை நெம்பினார். வாடை வந்தது.

"எமலை" என்றான் பையன்.

அவன் விரல் திரையில் எங்கேயோ போய் ஒரு படத்தைத் தொட்டது. மலை. மேலே புகை. தேன் குரல் பதறியது: "ஆபத்து! எரிமலைப் புகை வருகிறது! குட்டியின் மூக்கை மூடு! சீக்கிரம்!" பையன் ஓர் இலையை இழுத்துக் கொண்டுபோய்க் குட்டியின் மூக்கில் வைத்தான். மூக்கின் மறு துவாரத்திலும் வைத்தான். குட்டி சிரித்துக்கொண்டு ஓடியது. "அருமை!"

அப்புறம் அவன் திரும்பி அம்மாவைப் பார்த்தான். அவள் கண்ணில் நீர். சொல்யூஷன் வாடைக்கு வந்ததா வேறு எதற்கா, அவளுக்கே தெரியாது. அவன் குவியலிலிருந்து ஒரு ஃபோம் துணுக்கைக் கிள்ளினான். சின்ன விரல்களால் உருட்டினான். ஒரு கையால் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி கவனமாக, அதை அவள் மூக்குக்குள் திணித்தான்.

"ஏங்க" என்றாள். குரல் ஒரு மாதிரி வந்தது. "டின்னை மூடுங்க."

"இரு, ரெண்டு இழுப்புதான்..."

"மூடுங்கன்னா மூடுங்க! எமலை எமலைன்னு இவ்வளவு நாளா நம்மகிட்டத்தான் சொல்லியிருக்கான். புகை வருது, மூச்சு முட்டுதுன்னு சொல்லியிருக்கான். நாம கைதட்டியிருக்கோம்."

சோபாக்காரர் மூக்கில் ஃபோமோடு உட்கார்ந்திருக்கும் மனைவியைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். டின்னை மூடி, சுத்தியலால் நாலு பக்கமும் தட்டினார். அதை வெளியே கொண்டுபோய் மழையில் வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் சித்தப்பன் வந்தான். கதையைக் கேட்டதும் அவன் முகம் செத்துப்போனது. இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணி, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஆப்பு மேல என்ன தப்பு? புகை வந்தா மூக்கை மூடணும்னு சரியாத்தானே சொல்லிக் குடுத்திருக்கு?"

"சரியாத்தான் தம்பி. மூடச் சொல்லிக் குடுத்துச்சு. எடுக்கச் சொல்லிக் குடுக்கலை. எடுக்க முடியலைன்னா அம்மாகிட்டச் சொல்லுன்னும் சொல்லிக் குடுக்கலை."

"அதைச் சொல்லிக் குடுக்கறது..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

"சொல்லு தம்பி. அது யார் வேலைன்னுதானே? எங்க வேலைதான். அது தெரிஞ்சதுலேர்ந்துதான் சோறு இறங்கலை."

அவன் போனை வாங்கி அந்த ஆப்பை அழித்தான். "அழிச்சாலும் என் கணக்குல இருக்கும் அண்ணி. வேணும்னா திரும்ப..." என்றவன் அவள் பார்த்த பார்வையில் போனைப் பையில் போட்டுக்கொண்டான். போகும்போது பையனைத் தூக்கினான். புரொபசர் என்று கூப்பிட வாய் எடுத்து, அதை முழுங்கிவிட்டு, வீட்டில் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். பையன் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்கு அது யாரோ ஒருவருடைய பேர்.

அடுத்த வாரம் முழுக்க வீடு ரெண்டுபட்டது. பையன் போன் கேட்டுத் தரையில் புரண்டான், தலையை முட்டினான், அம்மா கையைக் கடித்தான். மெஷினில் உட்கார்ந்தால் காலடியில் வந்து விழுந்தான். அவள் வேலையில் பாதி நடக்கவில்லை. மேடத்தின் சோபா தாமதமாகத்தான் போனது. வாங்கிக்கொள்ள டிரைவர்தான் வந்தார். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது பற்றி ஒரு பேச்சும் வரவில்லை. இவர்களும் கேட்கவில்லை. சோபாக்காரர் மழை நின்ற நேரம் பார்த்து வாசலுக்கு வெளியே தார்ப்பாய் இழுத்துக் கட்டி, ஒட்டுகிற வேலையெல்லாம் அங்கேதான் என்று வைத்துக்கொண்டார். சாரல் அடித்தால் நனைந்தார். ஃபோம் துண்டுகளை மூட்டை கட்டிப் பரணில் ஏற்றினார். கத்தியும் பின்னும் பலகைக்கு மேலே போயின. ஷட்டர் முழுசாகத் திறந்தது. வெளிச்சம் வந்ததும்தான் சுவர் எவ்வளவு அழுக்கு என்று தெரிந்தது.

பையன் அழுது ஓய்ந்த நேரங்களில் வெட்டிப்போட்ட துணிகளை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டான். அவள் கண்ணாடி பார்க்கிற மாதிரி அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து, இது சிவப்பு, இது ஊசி, இது குத்தும், குத்தினா வலிக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் அவள் வாயைப் பார்த்தான். பதில் சொல்லவில்லை. டைனோசர் பேர்களும் வரவில்லை. வாயே பூட்டிக்கொண்டது போல இருந்தான். வந்த வார்த்தையும் போய்விட்டதோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. புருஷனிடம் சொல்லவில்லை, அவருக்கும் அதே பயம் இருப்பது முகத்தில் தெரிந்தது.

ஒரு மதியம். தார்ப்பாய்க்குக் கீழே ஒரு கைப்பிடிக்கு ஃபோம் ஒட்ட அவர் ஒருவரால் முடியவில்லை. அவளும் போய்ப் பிடித்துக்கொண்டாள். முடித்து உள்ளே வந்தபோது பையன் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தான். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, முகத்தோடு முகம் வைத்தாள்.

அவன் மூச்சை இழுத்தான். மூக்கு நன்றாகத் திறந்திருந்தது. ரெண்டு பக்கமும் காற்று சர்ரென்று போனது. புருவம் சுருங்கியது. அவள் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தான். பிறகு அவள் முகத்தை உள்ளங்கையால் தள்ளினான்.

"ச்சீ" என்றான்.

"என்ன சொன்னே?"

"ச்சீ. அம்மா ச்சீ."

"ஏங்க! இங்க வாங்க! கையில இருக்கறதைப் போட்டுட்டு வாங்க!"

சோபாக்காரர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "என்ன ஆச்சு? மூக்கா? மறுபடியும் மூக்கா?"

"பேசுறான். அம்மா நாறுறேன்னு சொல்றான்."

அவர் பையனைப் பார்த்தார். பையன் அவரையும் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். சோபாக்காரர் தன் கையைத் தானே முகர்ந்தார். ஒன்றும் தெரியவில்லை. மெதுவாக ரெண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார்.

தையலக்கா பையனைக் கீழே இறக்கிவிட்டுக் குழாயடிக்குப் போனாள். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டாள். நகக்கண்ணைத் தேங்காய் நாரால் தேய்த்தாள். சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். வந்து அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து, ரெண்டு கையையும் நீட்டினாள்.

"இப்ப?"

அவன் குனிந்து ஒவ்வொரு கையாக முகர்ந்தான். அவசரப்படாமல் யோசித்தான். நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தான்.

"ச்சீ."

அவள் எழுந்து போய் மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள்.